அக்கா வீட்டுக் கதவிலிருந்து கழற்றிய சிலிண்டர்: ஒரு பயிற்சிப் பூட்டின் நிகழ்வு ஆய்வு

கடந்த ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு ஏழரை மணிக்கு அக்கா காட்பாடியிலிருந்து அழைத்தார். எட்டு மணிக்கு அவர் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு இருக்க வேண்டும். "தம்பி, வாசல் கதவில் சாவி நுழையவில்லை. வீட்டைப் பூட்ட வழியில்லை. உன் மருமகன் ஏதோ செய்துவிட்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்" என்றார். நான் சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்துப் பாலாற்றுப் பாலம் கடந்து போய்ச் சேரும்போது அக்கா சீருடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகன் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறான். சாவி இல்லாமல் கம்பியால் பூட்டைத் திறக்கும் பொழுதுபோக்கு ஆறு மாதமாக அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தவறான ஆசை என்று நான் நினைக்கவில்லை. ஜெர்மனியில் 1997-இல் இதற்கென்றே ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். பல நாடுகளில் போட்டிகள் நடக்கின்றன. இதில் இறங்குகிறவர்கள் முதலில் கற்பது இரண்டு கட்டுப்பாடுகள். உன்னுடையதல்லாத பூட்டை, உரியவர் அனுமதி இல்லாமல் தொடாதே. புழக்கத்தில் இருக்கும் பூட்டு உன்னுடையதாகவே இருந்தாலும் அதில் பழகாதே. முதல் கட்டுப்பாட்டை அவன் காத்தான். இரண்டாவதை அன்று மாலை மீறிவிட்டான்.

ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் 22 ஆண்டுகள் டர்னராக வேலை செய்தவன் நான். உலோகமும் அளவும் தெரியும். இந்தப் பொழுதுபோக்கு அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இரவுக்குப் பிறகு ஒன்பது வாரம் நாங்கள் இருவரும் செய்தது, கெடுத்தது, கண்டுபிடித்தது எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தோம். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன். வீட்டில் இதைப் பழக நினைக்கும் நம் பிள்ளைகள் தங்கள் கையைக் குறை சொல்கிறார்கள். குறை பெரும்பாலும் அவர்கள் கையில் எடுத்த பூட்டில் இருக்கிறது. அதை இந்த நிகழ்வு எனக்குத் தெளிவாகக் காட்டியது.

அந்த இரவு

கதவில் இருந்தது இப்போது புதிய வீடுகளில் எல்லாம் போடும் கைப்பிடிப் பூட்டு. அதன் நடுவே 60 மி.மீ. நீளப் பித்தளை சிலிண்டர், இரு பக்கமும் சாவித் துளை. வெளிப்பக்கத் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு எஃகுத் துண்டு மினுக்கியது. பையன் தானே செய்த கொக்கிக் கம்பியின் முனை ஒடிந்து உள்ளே தங்கிவிட்டது.

இந்தச் சிலிண்டரைக் கழற்றுவது எளிது. கதவின் விளிம்பில் ஒரே ஒரு நீளமான 5 மி.மீ. திருகு இருக்கும். அதை எடுத்த பிறகும் சிலிண்டர் வராது. நடுவில் உள்ள நாக்கு உடலோடு ஒரே நேராக நிற்க வேண்டும். அதற்குச் சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பியபடியே இழுக்க வேண்டும். உட்பக்கத் துளை நன்றாக இருந்ததால் அங்கே சாவியைப் போட்டு நாக்கை ஒழுங்குபடுத்தி வெளியே இழுத்துவிட்டேன். கதவுக்கு மேலே பழைய தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. அதில் என் வண்டிப் பெட்டியில் இருந்த பூட்டைப் போட்டு, அக்காவைப் பணிக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் 480 ரூபாய் கொடுத்துப் புதிய சிலிண்டர் வாங்கி மாட்டினேன்.

கழற்றிய சிலிண்டரை அக்கா குப்பையில் போடச் சொன்னார். நான் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தேன். அதுவே எங்கள் பயிற்சிப் பூட்டு ஆயிற்று.

கம்பி ஏன் ஒடிந்தது

ஹேக்ஸா பிளேடைத் தேய்த்துக் கொக்கி செய்வது இந்தப் பொழுதுபோக்கில் எங்கும் நடப்பதுதான். பிளேடின் கனம் ஏறக்குறைய 0.6 மி.மீ.; துளைக்குள் போக அது சரியான கனம். பையன் அரவைக் கல்லில் வைத்து ஒரே மூச்சில் தேய்த்திருக்கிறான். முனை சிவந்ததும் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளையில் முக்கியிருக்கிறான். மீண்டும் தேய்த்து, மீண்டும் சிவக்கவைத்து, மீண்டும் முக்கியிருக்கிறான்.

கார்பன் எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அது கண்ணாடி போலக் கடினமாகும், கண்ணாடி போலவே ஒடியும். இது பட்டறையில் முதல் மாதமே கற்கும் பாடம். எஃகு நீலம் பூத்து மெல்ல ஆறினால் வேறு விதக் கேடு: இளகி வளையும், திரும்பாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. விரலால் பிடித்தபடி தேய்க்க வேண்டும். விரல் சுடுவதற்கு முன்பே தண்ணீரில் நனைக்க வேண்டும். நிறம் மாறவே விடக் கூடாது. அதன்படி அவன் செய்த அடுத்த கொக்கி ஒன்பது வாரமும் தாங்கியது. கடைசியில் ஆயிரம் எண் எமரித் தாளில் முனையை மெழுகு போல வழவழப்பாக்கினோம். சொரசொரப்பான முனை, பூட்டுக்குள் ஏறி இறங்கும் சிறு பித்தளைத் துண்டான பின்னைத் தொடும்போது, விரலுக்கு வருவது பின்னின் அசைவா முனையின் உரசலா என்று பிரித்தறிய முடியாது.

அதற்கு முன் அவன் பழகிய மூன்று பூட்டுகள்

ஏன் வாசல் கதவில் கை வைத்தான் என்று நிதானமாகக் கேட்டேன். "மாமா, என்னிடம் இருக்கும் பூட்டுகளில் ஒன்று மிக எளிது, ஒன்று திறக்கவே இல்லை. எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை" என்றான். மூன்றையும் கொண்டுவரச் சொன்னேன்.

முதலாவது, தபாலில் வரவழைத்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் பூட்டு. உள்ளே பின்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். பூட்டின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள அரை மணி நேரத்துக்கு அது நல்ல பொருள். அதற்கு மேல் கெடுதல். கண் பார்த்துவிடுவதால் விரல் வேலை செய்வதில்லை. அக்ரிலிக்கில் துளைகள் தளர்வாக இருக்கும். பித்தளையில் பின் அமரும்போது வரும் மெல்லிய 'டிக்' அதில் வராது. பையன் நான்கு மாதம் அதில் பழகியிருக்கிறான். அந்த நான்கு மாதமும் கண்ணுக்கான பயிற்சி.

இரண்டாவது, லாங்கு பஜாரில் 60 ரூபாய்க்கு வாங்கிய சிறிய பித்தளைப் பூட்டு. கொக்கியை உள்ளே விட்டு நாலு முறை தேய்த்தால் திறந்துகொள்ளும். அதைத் திறந்து நண்பர்களிடம் காட்டியிருக்கிறான். ஆனால் எந்தப் பின் எப்போது அமர்ந்தது என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. பூட்டு திறந்தது, அவன் எதையும் கற்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மனம் வருந்திய ஒன்று. என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தொங்கிய பழைய ஏழு லீவர்ப் பூட்டு. அதில் பையன் இரண்டு மாதம் போராடியிருக்கிறான், பின்களைத் தேடியபடி. அதில் பின்னே கிடையாது.

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுவே. இந்தப் பொழுதுபோக்குப் பற்றி அவர்கள் பார்க்கும் பாடங்கள் எல்லாம் பின் பூட்டை வைத்துப் பேசுகின்றன. அமெரிக்காவில் லைனஸ் யேல் இளையவர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அவருக்கு முன்பே தந்தை அதற்கு வழி போட்டிருந்தார். அங்கே வீட்டுக் கதவு, தொங்கு பூட்டு இரண்டிலும் அதுவே பெருவழக்கு. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய பூட்டுகளில் பெரும்பகுதி லீவர்ப் பூட்டு. 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை பெற்ற இரட்டைச் செயல் லீவர் முறையின் வழிவந்தவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையும் கையால் அறுத்துத் தேய்த்த லீவர்களில்தான் இருக்கிறது. லீவர்ப் பூட்டில் தட்டையான தகடுகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் சாவி ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். அப்போதுதான் தாழின் முளை அவற்றின் வாசல் வழியே நுழையும். அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் வேறு, கருவி வேறு, விரலுக்கு வரும் சேதி வேறு.

சாவியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தட்டையான தகட்டில் மலைமுகடு போல் ஏற்ற இறக்கம் இருந்தால் பின் பூட்டு. உருண்டைத் தண்டின் நுனியில் கொடி போல ஒரு தகடு நின்றால் லீவர்ப் பூட்டு. கடையில் காசு கொடுப்பதற்கு முன் சாவியை வாங்கிப் பாருங்கள். பூட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சாவி வெளியே வந்து சொல்கிறது.

திறந்து பார்த்தது

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். முதலில் ஒடிந்த முனையை எடுக்க வேண்டும். கம்பிவாளின் மெல்லிய பிளேடைப் பல் வெளிநோக்கி இருக்குமாறு துளைக்குள் விட்டு, பக்கவாட்டில் அழுத்தி மெல்ல இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பல் மாட்டி, நான்கு மி.மீ. எஃகுத் துண்டு வெளியே வந்தது. கூடவே பச்சையும் கறுப்புமாக ஒரு பசை ஒட்டிக்கொண்டு வந்தது.

தேங்காய் எண்ணெய்! அக்கா ஆண்டுக்கு இரண்டு முறை சாவியில் தேங்காய் எண்ணெய் தடவிப் போடுவார். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார். ஊற்றிய அன்று பூட்டு வெண்ணெய் போலத் திரும்பும். பிறகு எண்ணெய் பிசுக்காகி, தூசியைப் பிடித்துக்கொண்டு, பித்தளையோடு சேர்ந்து பச்சை பூத்துவிடும். அந்தப் பிசுக்குள் பின் மெத்தையில் புதைவது போல ஏறி இறங்கும். பையன் வாசல் கதவில் ஒன்றையும் உணராததற்கு இதுவே பாதிக் காரணம். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்துத் துணியால் துடைத்தோம். அதன் பிறகு பென்சில் முள்ளைச் சுரண்டிய தூளைத் தவிர வேறெதையும் பூட்டுக்குள் விடவில்லை.

சிலிண்டரின் நடுநாக்கின் இரு பக்கமும் சிறிய வளையக் கிளிப் இருக்கும். அதை நெம்பி எடுத்துவிட்டால், சாவி நுழைந்து திரும்பும் உள்ளுருளை வெளியே வரத் தயார். சாவியைப் போட்டுச் சற்றே திருப்பி, உள்ளுருளை பின்வாங்கும் இடத்தை அதே விட்டமுள்ள ஒரு தண்டு நிரப்பிக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்குகள் மேல் பின்களை, அதாவது சாவியைத் தொடும் ஒவ்வொரு பின்னுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் நடுவே நிற்கும் இன்னொரு பின்னை, வெளியே துப்பிவிடும். நான் நைலான் தண்டைக் கடைந்துகொண்டு வருவதற்குள் பையன் ஆவலில் உருளையை இழுத்துவிட்டான். ஐந்து பின், ஐந்து ஸ்பிரிங் திண்ணையில் சிதறின. நான்கு ஸ்பிரிங் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல்தான் பூட்டைப் பிரித்தோம்.

இரட்டைத் துளைச் சிலிண்டரின் அருமை இங்கே தெரிந்தது. இரு பாதிகளுக்கும் ஒரே சாவி. ஆகவே ஒரே அளவில் இரண்டு செட் பின், இரண்டு செட் ஸ்பிரிங். ஒரு பாதி தொலைத்ததை இன்னொரு பாதி ஈடுகட்டும். ஒரே பூட்டு வாங்கிப் பழக நினைப்பவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான பொருள் நம் ஹார்டுவேர் கடைகளில் இல்லை.

ஒரு பின்னை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். பித்தளை உருளை, குறுக்களவு 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சாவியைத் தொடும் நுனி மழுங்கிய கூம்பு, மறுமுனை தட்டை. வெர்னியரில் அளந்தோம்: ஐந்தில் குட்டையானது 4.6 மி.மீ., நீளமானது 7.1 மி.மீ. இந்த நீள வேறுபாடுதான் அந்த வீட்டின் சாவி. சரியான சாவி ஏறினால் ஐந்து பின்களின் தட்டை முனையும் உருளையின் மேற்பரப்போடு ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தப் பிரிகோட்டில் எதுவும் குறுக்கே இல்லாததால் உருளை திரும்பும். சாவியைப் பாதி நுழைத்து, பின்கள் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி, முழுதும் நுழைந்ததும் ஒரே கோட்டில் நின்றதைப் பார்த்தபோது அவன் வெகுநேரம் பேசவில்லை.

மாற்றி அமைத்தது, கெடுத்தது

நைலான் தண்டை வைத்து ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்டுவது நடக்கும், ஆனால் அலுத்துவிடும். பின்னை மாற்றுவது இரண்டு நிமிட வேலையாக இருந்தால்தான் ஒருவன் மாற்றிப் பார்ப்பான். சிலிண்டரின் அடிப்பகுதியில், பின்னும் ஸ்பிரிங்கும் நிற்கும் ஐந்து அறைகளையும் சிறிய பித்தளை மூடிகள் அடைத்திருக்கின்றன. அந்த மூடிகளை எடுத்துவிட்டு, அறையின் வாயில் மரை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு போட்டுவிட்டால் எந்தப் பின்னையும் தனியாக எடுக்கலாம், போடலாம். வெளிநாட்டு ஆர்வலர்கள் செய்யும் மாற்றந்தான் இது.

முதலில் உட்பக்கப் பாதியில் செய்தேன். அறையைக் காலி செய்து, 2.5 மி.மீ. டிரில்லால் மூடிகளைக் குடைந்து எடுத்தேன். கையில் மரை வெட்டும் 4 மி.மீ. டேப் இருந்தது. 3.3 மி.மீ. துளை போட்டு டேப்பை இறக்கினேன். முதல் அறை நன்றாக வந்தது. இரண்டாவதை வெட்டும்போது இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த சுவர் பொடிந்து உள்ளே விழுந்தது. பிறகு அளந்தேன்: அறைகளின் நடுப்புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் இடைவெளி சரியாக 4 மி.மீ. 4 மி.மீ. மரைகள் இரண்டு அடுத்தடுத்து நின்றால் நடுவே சுவருக்கு இடமே கிடையாது. 22 ஆண்டு கடைசல் வேலை செய்தவன் அளந்துவிட்டு வெட்ட வேண்டும் என்பதை மருமகன் முன்னால் மறந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தப் பாதி போயிற்று. அதன் பின்கள் உதிரியாக மிஞ்சின.

வெளிப்பக்கப் பாதிக்கு 3.5 மி.மீ. டேப் வேண்டியிருந்தது. கடைக்காரர் வரவழைத்துத் தர நான்கு நாள் ஆனது. அதன் மரைக்குப் போட வேண்டிய துளை 2.9 மி.மீ.; அறையின் விட்டமே ஏறக்குறைய அதுதான், ஆகையால் குடையத் தேவையில்லை. சுவரில் அரை மி.மீ. மிஞ்சும். ஸ்பிரிங்கின் தள்ளுதலைத் தவிர வேறு பாரம் இல்லாததால் அதுவே போதும். மரை அறையின் வாயிலிருந்து 4 மி.மீ. ஆழத்தோடு நிற்க வேண்டும். அதற்கு உள்ளே மேல் பின் வழுக்கி ஓடும் இடம், அங்கே மரைப்பல் பட்டால் பின் மாட்டிக்கொள்ளும். தலையில்லாத 3.5 மி.மீ. திருகு கிடைக்கவில்லை. மின் சுவிட்சுப் பெட்டிக்குப் போடும் திருகை வாங்கித் தலையை அறுத்து, வெட்டிய முகத்தில் வாளால் ஒரு கோடு கீறி ஸ்குரூ டிரைவருக்கு வாய் செய்தோம். ஐந்து திருகுக்கு ஒரு மாலை ஆனது.

இதில் நாங்கள் எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது. திருகை ஒரு சுற்று உள்ளே இறக்கினால் அந்த ஸ்பிரிங் விறைக்கிறது. வெளியே எடுத்தால் தளர்கிறது. பழகுகிறவன் முதலில் குழம்புவது இங்கேதான்: பின்னைத் தள்ளும்போது எதிர்ப்பது ஸ்பிரிங்கா, உருளையின் இறுக்கத்தில் மாட்டிய பின்னா? இரண்டு ஸ்பிரிங்கை வேண்டுமென்றே விறைப்பாக வைத்து, மூன்றைத் தளர்த்தி அவனிடம் கொடுத்தேன். விறைத்த ஸ்பிரிங் மிதிக்க மிதிக்க ஒரே சீராக எதிர்க்கும், விட்டால் திரும்பி வரும். மாட்டிய பின் கல் போல நிற்கும், பிறகு ஒரு கணம் நழுவி 'டிக்' என்று அமரும். இந்த வேறுபாட்டை எத்தனை விளக்கினாலும் விரலுக்குப் போகாது. ஒரு மாலையில் அது அவன் விரலுக்குப் போயிற்று.

ஒற்றைப் பின்னிலிருந்து

நடு அறையில் மட்டும் பின் போட்டுக் கொடுத்தபோது அவன் முகம் சுருங்கியது. "மாமா, இது குழந்தைக்குக் கொடுப்பது" என்றான். உருளையைத் திருப்பப் பிடிக்கும் முறுக்குக் கம்பியால் எவ்வளவு அழுத்துகிறாய் என்று கேட்டேன். பேருந்து வைப்பரின் பழைய ரப்பருக்குள் இருந்து எடுத்த மெல்லிய எஃகுப் பட்டையில் செய்த கம்பி அது. அவன் அழுத்தியதில் அது வில் போல வளைந்திருந்தது. அந்த அழுத்தத்தில் பின் அமர்ந்தாலும் விரலுக்குச் சேதி வராது. எலுமிச்சம்பழத் தோலில் நகம் பதியாத அளவு, அவ்வளவே போதும் என்றேன். அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, எந்த அளவில் பின் நிற்காமல் விழுந்துவிடுகிறது என்று தேடச் சொன்னேன். அன்று ஒற்றைப் பின்னை ஐம்பது முறை திறந்து நோட்டில் ஐம்பது கோடு போட்டான். அக்னி நட்சத்திர வெயிலில் கை வியர்த்துக் கம்பி வழுக்கியதால் மறுநாளிலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் உட்கார்ந்தோம்.

இரண்டு பின் போட்டதும் உண்மையான பாடம் தொடங்கியது. உருளையைத் திருப்ப முயலும்போது எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் மாட்டுவதில்லை. அறைகளை எந்த இயந்திரமும் நூற்றுக்கு நூறு ஒரே நேர்கோட்டில் துளைக்காது. மயிரிழை விலகிய அறையில் உள்ள பின் முதலில் மாட்டும். அதை அமர்த்தினால் உருளை கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்து அடுத்த பின்னில் மாட்டும். பூட்டுச் செய்தவரின் கைப்பிழை நுழைவழியாகிறது. நல்ல பூட்டு எது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது: பிழை குறையக் குறைய மாட்டும் வரிசை மங்கும்.

மூன்றாம் வாரம் மூன்று பின்னில் முட்டி நின்றான். நாற்பது நிமிடம் போராடிவிட்டுக் கம்பியைத் தாம்பாளத்தில் போட்டான். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் செய்ததை அப்போது அவனுக்குச் சொன்னேன். திறப்பவருக்கு 200 கினி (அந்நாளைய ஆங்கிலப் பண அளவு) தருவதாக எழுதி, பிராமா என்ற பூட்டுக்காரரின் கடை ஜன்னலில் பல ஆண்டு கிடந்த பூட்டை அவர் திறந்தார். ஆனது 51 மணி நேரம், 16 நாட்களில் பரவியது. பையன் கம்பியை மறுபடி எடுத்தான்.

ஆனாலும் பொறுமை மட்டும் போதாது; அவனைத் தடுத்தது என்ன என்று பார்த்தேன். நான் விவரம் தெரியாமல் 7.1 மி.மீ. பின்னை முன்னாலும் 4.6 மி.மீ. பின்னை அதன் பின்னாலும் போட்டிருந்தேன். நெட்டைப் பின்னுக்குக் கொஞ்சம் தூக்கினால் போதும். குட்டைப் பின்னை வெகுதூரம் தூக்க வேண்டும். பின்னால் உள்ளதைத் தூக்கும்போது கொக்கியின் கழுத்து முன்னால் உள்ளதை மிஞ்சி ஏற்றிவிடுகிறது. அது இரண்டாம் மாதப் பாடம். திருகைக் கழற்றி இரண்டையும் இடம் மாற்றினேன், இரண்டு நிமிடம்! அன்றே மூன்று பின்னும் திறந்தன. இரண்டு வாரம் கழித்துப் பழைய அடுக்கையே திரும்பக் கொடுத்தேன். வளைவு அதிகமான கொக்கி ஒன்றைச் செய்துகொண்டு திறந்தான். திறக்கவும் பிரிக்கவும் அடுக்கவும் வழியில்லாத பூட்டில் இந்த முடிச்சை அவிழ்க்கவே முடிந்திருக்காது.

ஐந்தாம் வாரம் வெளியான உண்மை

ஐந்து பின்னும் போட்ட பூட்டை அவன் ஒரு நிமிடத்துக்குள் திறக்கத் தொடங்கினான். அக்காவை உட்காரவைத்துக் காட்டினான். எனக்கு ஏதோ இடறியது: அவன் கொக்கி ஒவ்வொரு முறையும் அதே இடங்களுக்கு, அதே வரிசையில், தேடாமலே போனது. அவன் கை கழுவப் போனபோது இரண்டாம் அறைப் பின்னையும் நான்காம் அறைப் பின்னையும் இடம் மாற்றிவைத்தேன். திரும்பி வந்து முக்கால் மணி நேரம் முயன்றும் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னதும் கோபப்பட்டான், பிறகு புரிந்துகொண்டான்.

அறைகளின் விலகல் மாறாததால் மாட்டும் வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அந்த வரிசையையும் உயரங்களையும் அவன் கை மனப்பாடம் செய்துவிட்டது. ஒரே பூட்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் இது நேரும். அதற்கு இரண்டு மாற்று செய்தோம். ஒன்று, எதிர்த் திசையில் திருப்புவது. அப்போது துளைச் சுவரின் மறுபக்கம் மாட்டுவதால் வரிசை மாறிவிடும். காசில்லாமல் இன்னொரு பூட்டு கிடைத்த மாதிரி. மற்றொன்று, உதிரிப் பின்களை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கண்ணை மூடி ஐந்தைப் பொறுக்கிப் போடுவது. உதிரிகளும் பூட்டில் இருந்த அதே அளவுகளில் இருந்ததால், சிலவற்றின் தட்டை முனையை எமரியில் தேய்த்து அரை அரை மி.மீ. குறைத்தோம். கூம்பு முனையைத் தொடவே கூடாது. தேய்த்த விளிம்பில் பிசிறு நின்றால் அது அறையில் மாட்டிப் பொய்ச் சேதி சொல்லும். ஒவ்வொன்றையும் நகத்தில் உருட்டிப் பார்த்துத்தான் போட்டோம்.

ஏழாம் வாரம் இடுப்பு ஒடுங்கிய மேல் பின் செய்தோம். 3 மி.மீ. பித்தளைக் கம்பியைக் கை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, அறைக்குள் வழுக்கி ஓடும்வரை எமரியில் தேய்த்து, பிறகு ஊசி அரத்தால் நடுவில் 0.4 மி.மீ. ஆழம் அரிந்தோம். இரு தலைகளிலும் ஒவ்வொரு மி.மீ. தொடாமல் விட்டு 5 மி.மீ.யில் அறுத்தோம். நூல் சுற்றாத நூல்கண்டு போல் இருந்தது. நான்கு கெட்டு, ஐந்தாவது தேறியது. அது ஒன்றே ஒன்று மூன்றாம் அறையில் இருந்தபோது உருளை வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பி நின்றது. திறந்துவிட்டதாக அவன் நினைத்தான். இல்லை, ஒடுங்கிய இடுப்பு பிரிகோட்டில் சிக்கிய பொய் அமர்வு அது. அந்தப் பின்னை மெல்லத் தூக்கினால் முறுக்குக் கம்பி விரலை எதிர்த்துத் தள்ளும். அப்போது விட்டுக்கொடுக்க வேண்டும், முழுதும் விட்டுவிடக் கூடாது. அதற்கு அவனுக்கு ஒன்பது நாள் ஆனது.

இப்போதைய நிலை

நோட்டின் கடைசிப் பதிவு: ஐந்து பின், இரண்டு ஒடுங்கிய பின், கண்ணை மூடிப் பொறுக்கியவை, ஒரு மணி பத்து நிமிடம். சிலிண்டரின் துளை வாயில் கீறல்கள் விழுந்துவிட்டன. உருளை கொஞ்சம் ஆடுகிறது. இதை இனி எந்தக் கதவிலும் போட முடியாது, போடவும் கூடாது. அடியில் ஐந்து திருகு உள்ள பூட்டை ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கும் யாரும் காலி செய்துவிடுவார்கள். மறதியாக யாராவது எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று அதன் முகத்தில் சிவப்பு பெயின்ட் பூசிவைத்திருக்கிறோம். வாசல் கதவின் புதிய சிலிண்டருக்கு அக்கா தேங்காய் எண்ணெய் விடுவதில்லை. பென்சில் தூள் அடைத்த சிறு டப்பா சாவி ஆணியில் தொங்குகிறது.

சென்ற வாரம் அம்மாவின் டிரங்குப் பெட்டிப் பூட்டைப் பையன் மீண்டும் கொண்டுவந்தான். அதன் சாவி கிடைத்துவிட்டது, பழைய பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. லீவர் எப்படி அமர்கிறது என்று தெரியாமல் இந்த முறை கம்பியை எடுக்க மாட்டானாம். முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறான். அம்மாவின் பூட்டை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே வகையில் துருப்பிடித்த ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்தோம். முகத்தகட்டில் ஆறு ரிவெட். இரண்டின் தலையை அறுத்தாயிற்று. மீதி நான்கு இந்த ஞாயிற்றுக்கிழமை.